நாற்பத்தைந்து பாகை

முதலாவது பெட்டியை மான் தின்றது.

பசை காயட்டும் என்று சன்னல் கட்டில் வைத்துவிட்டு
இடைவேளைக்குப் போயிருந்தோம்.
திரும்பி வந்தால்
கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் இறங்கும் புள்ளிமான் ஒன்று
பால்மாப் பெட்டியின் மேல்பாதியை மென்றபடி
எங்களை நிமிர்ந்து பார்த்தது,
அதன் வகுப்புக்குள் நாங்கள் அத்துமீறி வந்த மாதிரி.
செய்முறைக் கொப்பியில் ஜெனார்த்தன் எழுதினான்:
கோதுமை மாப் பசைக்கு உப்புப் போடக் கூடாது.
பத்மலோஜினி மிஸ் அதை வெட்டவில்லை.

இரண்டாவதற்கு
நுஸ்கியா வாப்பாவின் பழைய ஆட்டோக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள்.
அதில் வாகைமரம் கறிவேப்பிலைச் செடியளவு,
அதிபர் பெருவிரலளவு.
எல்லோருக்கும் பிடித்திருந்தது.
குவிவாடி, என்றார் மிஸ். இது சரிவராது,
தளவாடி வேணும்.

மத்திய வீதிச் சலூனில் ரொஷாந்தின் மச்சான் வேலை.
உடைந்த நிலைக்கண்ணாடியில்
ரசம் உரியாத துண்டு இரண்டு தந்தார்.
ஓரத்தைத் தண்ணீர் தொட்டு அரத்தாளில் தேய்த்தால்
கை வெட்டாது.
ரொஷாந்துக்கு வெட்டியது.

பெட்டி மூன்றைப் பொருத்தினால் ஒரு நீளக் குழாய்.
பக்கத்தில் ஒரு சதுரம் கீறு,
மூலைக்கு மூலை கோடு இழு,
அதுதான் நாற்பத்தைந்து,
பாகைமானியே வேண்டாம்.
கிருபாலினி கண்டுபிடித்தது இது.
கோட்டைப் பிளேட்டால் பிளந்து ஆடியைச் செருகு.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
கோபித்துக்கொண்ட சிநேகிதிகளைப் போலச் சரிந்து
ஒன்றையொன்று பார்க்க.

பரீட்சிக்க ஒரு தடை தேவை, என்றது துண்டுத்தாள்.
எங்களிடம் தடைக்கா பஞ்சம்?
மைதானம் முடியுமிடத்தில் மதில்,
மதில்மேல் முட்கம்பி,
அதற்கப்பால் நேவி.
அங்கே போன பந்து போனதுதான்.

வாங்கில் ஏறி நுஸ்கியா முதலில் பார்த்தாள்.
என்னடி தெரியுது? சொல்லனடி.
கொடிக் கயிறு, என்றாள்.
வெள்ளைக் காற்சட்டை ஏழு. ஒரு பப்பாசி.
பிறகு ரொஷாந்த் கத்தினான், எங்கட பந்து!
பிறகு என் முறை.

எனக்குத் தெரிந்தது கடல்.
துறைமுகத்தின் உள்மூலை ஒன்று,
வரைபடத்தில் நாங்கள் நீலம் தீட்டுகிற இடம்.
அது பச்சையாக இருந்தது,
எண்ணெய் மினுக்கத்தோடு.

கிருபாலினி வேண்டாம் என்றாள்.
பெட்டியை நீட்டினோம்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் மறுபடி குனிந்தேன். கடலைக் காணோம்.
ஆடி நிறைய ஒரு மீசை.
மீசை இறங்கியது, மூக்கு இறங்கியது,
ஒரு கண் வந்து என் கண்ணுக்கு நேரே நின்றது.
துண்டுத்தாளில் இது இல்லை:
போன வழியாலேயே ஒளி திரும்பியும் வரும்.

ஓடியிருக்க வேண்டும். ஓட மறந்துபோனோம்.
பொட்டக் உடட்ட, என்றது மதில்.
கொஞ்சம் மேலே. இரண்டாம் மொழிப் பாடத்தில் படித்தது.
உயர்த்தினோம், குதிக்கால் தூக்கி.

எதிலோ ஏறி நின்றிருக்க வேண்டும் அவன்.
சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான்,
தலையை இடப்பக்கம் சாய்த்தான், வலப்பக்கம் சாய்த்தான்,
தன் முகத்தைத் தேடினான்.
எப்படிப் பார்த்தாலும் என் கண்தான் இருந்தது அவனுக்கு.
சீப்பு அந்தரத்தில் நின்றது.
பிறகு சிரிப்புச் சத்தம்,
பிறகு யாரோ அதட்டும் சத்தம்,
பிறகு சப்பாத்துகள்.

முட்கம்பிக்கு மேலால்
ஒரு பந்து வந்து விழுந்தது.
எங்களுடையதல்ல.

எல்லோரும் அதன் பின்னால் ஓட
கிருபாலினி வாங்கிலிருந்து பெட்டியை இறக்கினாள்.
மேல் ஆடியில் பாகைமானியை வைத்துப் பார்த்தாள்.
நாப்பத்து மூண்டு, என்றாள்,
அமத்திப் பிடிச்சதில விலகிப் போச்சு.
செலோடேப் ஆரிட்ட இருக்கு?